‘சத்தம் எனக்குப் பழகிட்டுது’: மரக்காலையில் 18 வருடம்

கேள்வி: என்ரை மனுசனுக்கு 43 வயது. மரக்காலை ஒண்டில 18 வருசமா வேலை. சீவுற மெஷினும் மேசை வாளும் இவற்றை பொறுப்பு. இப்ப ஒரு மூண்டு வருசமா, கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறார், ஆனால் சொன்னது விளங்காமல் "என்ன, என்ன" எண்டு கேக்கிறார். ரீவியை அயலட்டைக்கே கேக்கிற மாதிரி வைக்கிறார். இரவில படுத்தா "காதுக்குள்ள கீ எண்டு கிடக்கு" எண்டு சொல்லுவார். வேலையில பஞ்சு வைக்கிறவர். மாமி, உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் விடச் சொல்லுறா. ஒப்பரேசன் செய்தா சரிவருமோ? இணையத்தில காதில மாட்டுற மெஷின் ஒண்டு மலிவா விக்கிறாங்கள், வாங்கலாமோ? இவர் "சத்தம் எனக்குப் பழகிட்டுது" எண்டு கிளினிக்குக்கு வர மாட்டன் எண்டுறார். ஏ.எல். எழுதின மகனும் இப்ப அதே மரக்காலைக்குத்தான் போறான். அதுதான் எனக்குக் கூடப் பயம்.
சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: எண்ணெயை முதலில் நிறுத்துங்கள். மாமி அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் காதில் விடும் எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். சத்தத்தால் கெடுவது அதற்கும் உள்ளே, எலும்புக்குள் சுருண்டு கிடக்கும் நத்தைச்சுருள். செவிப்பறையில் தெரியாத ஓட்டை ஏதும் இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். ஓட்டை இல்லாவிட்டாலும், மரத்தூள் படிந்த காதில் எண்ணெயும் சேர்ந்தால் எங்கள் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடிப்பது மிகச் சுலபம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனாலும் 18 வருடச் சீவுயந்திரம், சத்தம் கேட்டும் சொல் விளங்காமை, இரவில் ‘கீ’ என்ற இரைச்சல் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது, வேலைத்தலச் சத்தத்தால் வந்த கேட்டல் குறைவு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அப்படியானால் அதற்கு ஒப்பரேசன் கிடையாது. இழந்ததைத் திருப்பித் தரும் மருந்தும் கிடையாது. மிச்சத்தைக் காப்பாற்ற மட்டும் நிறைய வழி இருக்கிறது.

"பழகிட்டுது" என்கிறாரே, அந்த ஒரு சொல்லில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. நத்தைச்சுருளில் பிறக்கும்போது ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கும். ஒலி அதிர்வை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவைதான். மனிதரில் அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்னேரம் காது அடைத்ததுபோல இருந்து, விடியத் தெளிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள், ஞாபகம் இருக்கும். அது மயிர்க்கலங்கள் களைத்து, இரவில் தேறி எழும்பிய காலம். நாள்தோறும் அதே அடி விழ, தேறாதவை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பின்னேர அடைப்புத் தெரியாமல் போகிறது, ஏனென்றால் விடியக் காலையிலும் காது முழுசாக இல்லை. உளி பிடித்த கை காய்த்துப்போகும். காது அப்படிக் காய்ப்பதில்லை. முன்பு தொந்தரவாக இருந்த சத்தம் இப்போது தொந்தரவில்லை என்று ஒரு மரவேலைக்காரர் சொன்னால், அதைக் கேட்கும் கலங்களில் ஒரு பங்கு போய்விட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அவருக்கு உங்கள் குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. இதில் நடிப்போ கவனக்குறைவோ இல்லை. காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான, ஒரு பக்கம் அடைத்த குழல். புல்லாங்குழல்போல அதற்கும் ஒரு சுருதி உண்டு. 3,000 ஹேர்ட்ஸை (வினாடிக்கு 3,000 அதிர்வு) அண்டிய ஒலியை அது தானாகவே கூட்டிக் கொடுக்கும். அதனால் எந்த மெஷின் சத்தமானாலும் முதல் அடி அதற்குச் சற்று மேலே, 4,000 ஹேர்ட்ஸ் பக்கம் விழுகிறது. எங்கள் பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், உரத்து வருபவை. ச, த, ட, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய கூறுகள் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. குசினியில் தண்ணீர் ஓட, நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு "காசு எடுத்தனீங்களோ" என்று கேட்டால் அவருக்கு ‘கா-உ’ மட்டும் கேட்கும். காசா, காதா, காத்தா என்று அவர் மனம் தேடுவதற்குள் அடுத்த வசனம் வந்துவிடுகிறது. சில்வண்டும் அணிலும் கேட்காமல் போவதும் இதே கணக்கில்தான்.

ஆகவே கத்திச் சொல்வதில் பலனில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும், அது அவருக்கு ஏற்கெனவே கேட்கிறது. ரீவியைக் குறைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி ஒரு மீற்றர் தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் சற்று ஆறுதலாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். இன்றிரவே தொடங்கலாம், செலவில்லை.

அடுத்தது பரிசோதனை. கிட்டிய அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கேட்டல் பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணித்தியாலம் காது சத்தத்திலிருந்து ஓய்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்த கையோடு போனால் களைத்த காதின் கணக்குத்தான் வரும், உண்மையான இழப்பு எவ்வளவு என்று தெரியாது. ஞாயிறு லீவென்றால் திங்கள் காலை வேலைக்குப் போகாமல் நேரே போவது நல்லது. முதல் நாள் இரவு கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்க வேண்டாம். காதுக் குடுமி (காது அழுக்கு) இருந்தால் அதை எடுத்த பிறகே பரிசோதனை.

ஓடியோகிராம் (கேட்டல் பரிசோதனையின் வரைபடம்) எடுப்பவரிடம் 3,000, 6,000 ஹேர்ட்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். அவசரத்தில் இவை விடுபடுவதுண்டு, எங்களுக்கு வேண்டியதோ அந்த இடம்தான். தாளில் வட்டக் குறி வலக்காது, பெருக்கல் குறி இடக்காது. கோடு கீழே இறங்க இறங்க இழப்புக் கூட. சத்தத்தால் கெட்ட காதில் 4,000 பக்கம் கோடு கிணறுபோல இறங்கி, 8,000இல் கொஞ்சம் ஏறும். இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். எலும்பு வழி அளவும் (காதுக்குப் பின் எலும்பில் அதிர்வு கொடுத்து எடுப்பது) காற்று வழி அளவும் (காதுத் துவாரத்தால் ஒலி கொடுத்து எடுப்பது) ஒட்டிவந்தால் கோளாறு உட்காதில். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் செவிப்பறையிலோ நடுக்காதுச் சிற்றெலும்பிலோ வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, அதில் ஒப்பரேசனுக்கு இடமிருக்கலாம். உங்கள் கேள்விக்கு ‘ஓம்’ என்ற பதில் வரக்கூடிய ஒரே வாசல் அதுதான்.

ஒரு காது மற்றதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும். 43 வயதென்றால் அவர் எண்பது, தொண்ணூறுகளில் பிள்ளையாக இருந்தவர். ஷெல்லோ குண்டோ கிட்ட விழுந்து காது கூவிய, இரத்தம் வந்த சம்பவம் இருந்தால் எந்தப் பக்கம் என்று டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் இதை நோயென்று நினைத்துச் சொல்வதில்லை. அப்படி ஒன்றும் இல்லாமல் ஒரு காது மட்டும் குறைந்திருந்தால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நீரிழிவு, புகைப்பழக்கம், காசநோய்க்கு ஊசி போட்ட காலம் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள் மயிர்க்கலத்தைக் கொல்லும். மரக்காலையில் பொலிஷ் வேலையும் நடந்தால் தின்னரையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள டொலுயீன் ஆவி சத்தத்தோடு சேரும்போது காதுக்கு இரட்டை அடி.

ஒன்றை மட்டும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்: ஒரு காது திடீரென, ஓரிரு நாளுக்குள் அடைத்துப்போனால் அன்றைக்கே வைத்தியசாலை. அதற்கு ஸ்டெரொய்ட் சிகிச்சை உண்டு, இரண்டு கிழமை கடந்தால் பலன் மிகக் குறைவு.

‘கீ’ என்ற இரைச்சலுக்குக் குளிசை தேடி அலைய வேண்டாம். முழு அமைதியில் அது பெரிதாகத் தெரியும். படுக்கும்போது மேசை மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓட விடுங்கள், அல்லது றேடியோவை மெல்லிதாக வையுங்கள். இரைச்சல் முழுசாக மறைய வேண்டாம், அதோடு கலந்தால் போதும். கேட்டல் கருவி போட்ட பிறகு பலருக்கு இது தணிந்துவிடும்.

இணையத்து மெஷினை வாங்க வேண்டாம். அந்த மலிவுப் பெட்டிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும். அவருக்குத் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்கிறது, அதையும் பெருக்கினால் தலையிடிதான் மிஞ்சும். பெருக்குவதற்கு எல்லை வைக்காத பெட்டி, மிச்சமிருக்கும் கலங்களையும் அடிக்கும். ஓடியோகிராமைப் பார்த்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டுவது என்று பதிக்கும் டிஜிட்டல் கருவிதான் வேண்டும். அவருடைய வகைக் குறைவுக்குத் துவாரத்தை முழுசாக அடைக்காத மெல்லிய குழாய் வகை பொருந்தும், தன் குரல் பானைக்குள் கேட்பதுபோல இராது. இயலுமானால் இரண்டு காதுக்கும் போடுவது நல்லது. முதல் சில கிழமை பாத்திரச் சத்தமும் பத்திரிகை மடிக்கும் சத்தமும் எரிச்சலாக இருக்கும், அதைப் பார்த்து அலுமாரிக்குள் வைத்துவிட்டால் காசு வீண். விலை இடிக்கும் என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். மரக்காலைக்குள் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அணைத்த கருவி காதடைப்பாகாது.

இனி, மிச்சத்தைக் காப்பது. ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபெல் கணக்குக் கடைக் கணக்குப்போல் கூட்டிப்போவதில்லை. 3 டெசிபெல் கூடினால் காதுக்குள் போகும் ஒலிச் சக்தி இரட்டிப்பு. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம். 88இல் 4, 91இல் 2, 94இல் 1 மணித்தியாலம், 97இல் அரை மணி, 100இல் வெறும் 15 நிமிடம். அந்த 85கூட முழுப் பாதுகாப்பில்லை. 40 வருடம் அதிலேயே நின்றால் நூற்றில் எட்டுப் பேருக்குக் குறைவு வரும் என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சீவுயந்திரத்துக்கு முன்னால் நிற்பவருக்கு 100 டெசிபெல் என்பது சாதாரணம். நாளுக்கு 3 மணித்தியாலம் அதில் நின்றால் எல்லையைப்போல 12 மடங்கு.

பஞ்சு இதில் 5, 7 டெசிபெல்லுக்கு மேல் குறைக்காது. ஒலி நார்களுக்கு இடையால் புகுந்துவிடும். 18 வருடம் பஞ்சு வைத்தார் என்பது, பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு 18 வருடம் நின்றார் என்பதுதான். நுரையாலான இயர் பிளக் வேண்டும். பெட்டியில் என்.ஆர்.ஆர். (எத்தனை டெசிபெல் குறைக்கும் என்ற எண்) 30 என்று போட்டிருக்கும். அதை நம்பி 30ஐக் கழிக்கக் கூடாது. அந்த எண்ணிலிருந்து 7ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குங்கள், 11.5 வரும். வேலைத்தலத்தில் அந்த அளவே கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் புத்தி. 12 என்றே வைப்போம். 100 டெசிபெல் 88 ஆகிறது, அதில் 3 மணித்தியாலம் நின்றால் நாளின் பங்கில் முக்கால்வாசி முடிந்தது. மேசை வாளில் 97 டெசிபெல்லில் இன்னும் 2 மணித்தியாலம் என்றால் அது 85 ஆகி, மீதிக் கால்வாசியும் முடிந்தது. பிளக் ஒழுங்காக வைத்தும் மனுசன் விளிம்பில்தான் நிற்கிறார். அதனால் சீவுயந்திரத்துக்குப் பிளக்கும், அதற்கு மேல் காதுமூடியும் இரண்டும் போடச் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்தால் இன்னொரு 5 டெசிபெல் கிடைக்கும். இரண்டின் எண்ணும் கூட்டுத்தொகையாக வராது.

இடையில் கழற்றுவதுதான் பெரிய ஓட்டை. 30 டெசிபெல் உண்மையாகவே குறைக்கும் பாதுகாப்பைக்கூட, 8 மணித்தியாலச் சத்தத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால் அன்றைய பலன் 12 டெசிபெல்தான். முதலாளி கூப்பிட்டால் பிளக்கைக் கழற்றிப் பதில் சொல்லக் கூடாது, மெஷினை நிற்பாட்டிப் பதில் சொல்ல வேண்டும். காதுமூடி போடுபவர் தலைத்துண்டைக் காதுக்கு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடிச் சட்டம் தடிப்பென்றால் மூடியின் விளிம்பு தூக்கிச் சத்தம் கசியும். காதில் சீழ் வடிபவர் பிளக் வைக்கவே கூடாது, மூடி மட்டும்.

மெஷின் பக்கமும் முதலாளியோடு கதைக்க விசயம் இருக்கிறது. மழுங்கிய கத்தி சத்தத்தைக் கூட்டும், ஆகவே தீட்டும் தவணையைப் பிந்த விடக்கூடாது. வாள் வெறுமனே சுற்றும்போதே விசிலடித்தால் தகடு நெளிந்திருக்கிறது, பல்லில் பிசின் ஏறியிருக்கிறது, அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது. அதிர்வு குறைக்கும் வெட்டுக்கோடுகள் உள்ள வாள் தகடு வாங்கலாம். சீவுயந்திரத்துக்குச் சுருள் வரிசையில் சிறு கத்திகள் பதித்த உருளை உண்டு. நீளக் கத்தி ஒரே அடியாக மரத்தில் இறங்குவதுபோல் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்துவதால் சத்தம் நன்றாகக் குறையும். விலை கூட, ஆனால் செய்யக்கூடியதில் ஆகப் பெரிய பலன் அதுதான். அளவெடுக்கும்போது மெஷினை ஓட விடாமல் நிற்பாட்டுவது இலவசம். கொம்பிரசரையும் ஜெனரேற்றரையும் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும். கூரைக்கு முட்டை அட்டை ஒட்டுகிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. மரத்தூள் பறக்கும் இடத்தில் அது நெருப்புக்கு விறகு. இரண்டு பேர் மாறி மாறி நின்றால் ஆளுக்கு 3 டெசிபெல் ஆதாயம், அவ்வளவுதான்.

"அயலுக்குச் சத்தம் அளந்துவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று முதலாளி சொல்லலாம். 1996ஆம் ஆண்டுச் சுற்றாடல் சத்தக் கட்டுப்பாட்டு விதி மதிலுக்கு அப்பால் இருப்பவருக்கு. மெஷினோடு நிற்பவரின் காதுக்கு அந்த அளவு பேசாது. வேலைத்தலப் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தொழில் திணைக்களமும் இருக்கின்றன. நட்டஈடு பற்றிக் கேட்கப் போவதென்றால் ஓடியோகிராம் பிரதிகளும், எத்தனை வருடம் எங்கே வேலை என்று காட்டும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளும் கையில் இருக்கட்டும். இரண்டும் இல்லாமல் போனால் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும்.

மகனைப் பற்றிய பயம் சரியான பயம். இந்தக் குறைவில் பெரும்பங்கு முதல் 10, 15 வருடத்திலேயே வந்துவிடும். அப்பாவின் காதில் இனிப் போக இருப்பது குறைவு, மகனின் காதில் போக இருப்பது முழுவதும். அவனுக்கும் இப்போதே ஓர் ஓடியோகிராம் எடுத்து, திகதியோடு வைத்திருங்கள். அடுத்த வருடத் தாளை அதோடு வைத்துப் பார்த்து, 2,000, 3,000, 4,000 மூன்றின் சராசரி 10 டெசிபெல் இறங்கியிருந்தால் அந்த வேலைத்தலத்தில் ஏதோ பிழை. தாள் நன்றாக இருந்தும் சனக்கூட்டத்தில் பேச்சு விளங்கவில்லை என்றானானால் அதையும் அசட்டை செய்ய வேண்டாம். கலம் தப்பினாலும் நரம்பு இணைப்பு அறுந்துபோகலாம் என்பது 2009 அளவில் எலிகளில் கண்டறியப்பட்டது.

அவன் பிளக் வைப்பதை ஒருநாள் வீட்டில் உங்களுக்கு முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். கை கழுவி, விரல்களால் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். வலக்காதென்றால் இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலேயும் பின்னுக்கும் இழுக்க வேண்டும். குழல் நிமிர்ந்ததும் பிளக்கை உள்ளே விட்டு, விரலால் 30 வரை எண்ணி அழுத்திப் பிடிக்க வேண்டும், நுரை விரிய அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு நீங்கள் அவனுக்கு நேரே முன்னால் நின்று பாருங்கள். பிளக்கின் பின்முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு உங்களுக்குத் தெரிந்தால் அது சரியாக இறங்கவில்லை. கழற்றி, மறுபடி உருட்டச் சொல்லுங்கள்.